போய்ட்டு வாங்க காப்பி

பிப்ரவரி 10, ஞாயிறு

அம்மானை ஒட்டிய சஹாப் தொழிற்பேட்டையில் எங்கள் தயிர்க் கம்பெனி இருக்கும் தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் மாற்றப் போகிறார்களாம். ஆபீசுக்குக் கடிதம் வந்திருக்கிறது. மார்ச் 8, வெள்ளிக்கிழமை, காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை மின்சாரம் இருக்காது.

மார்ச் 8. அன்று சாயங்காலம்தான் குதைபா வீட்டு ஆண்கள் ஜாஹாவாக, கூட்டமாகத் திரண்டு என்னைப் பெண் கேட்டு வருகிறார்கள். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை இருக்கிறது. இவர்களுக்கு இது ஒன்றுதான் கிடைத்ததா?

இது மூன்றாவது தேதி. நவம்பரில் முதல் தேதி குறித்தோம். அன்று மழையில் மின்சாரம் போய், கம்பெனி சர்வர் படுத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் நான்தான் எழுப்ப சஹாபுக்கு ஓடினேன். ஜனவரியில் இரண்டாவது, பனி கொட்டியது, மறுபடி மின்சாரம் போனது, மறுபடி ஓடினேன். குதைபாவின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

அம்மா சொல்லிவிட்டாள்: "ஒண்ணு அந்தப் பெட்டியைக் கட்டிக்கோ, இல்ல அந்தப் பையனைக் கட்டிக்கோ. ரெண்டையும் இழுத்துக்கிட்டு அலையாதே."

முப்பத்திமூன்று வயதில் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

பிப்ரவரி 11, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். அந்தப் பெட்டி மார்ச் 8 அன்று தானாகவே படுக்க வேண்டும், தானாகவே எழ வேண்டும். நான் சஹாப் பக்கம் தலை வைக்க மாட்டேன்.

ஒரே இயந்திரம்தான். உள்ளே மூன்றாகத் தடுத்திருக்கிறோம், ஒரு பெரிய வீட்டை மூன்று போர்ஷனாக்குவது போல. ஒரு போர்ஷனில் குளிர்கிடங்குக் கணக்கு: எத்தனை பெட்டி தயிர், எத்தனை லப்னே என்னும் வடிதயிர், எந்த அறையில். அடுத்ததில் கடைக்காரர்களின் ஆர்டர். மூன்றாவதில் லாரிகள். கிடங்கு முதலில் எழ வேண்டும். அது எழாமல் ஆர்டர் எழுந்தால், இருப்பு பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டு எல்லாக் கடைக்கும் "தயிர் இல்லை" என்று செய்தி அனுப்பிவிடும். படுக்கும்போது இதற்கு நேர் தலைகீழ்: லாரி, ஆர்டர், கடைசியில் கிடங்கு.

எனக்கு முன்னால் இருந்தவர் மூன்றுக்கும் "கையால் எழுப்பு" என்று அமைத்து வைத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார். தன் அனுமதி இல்லாமல் யாரும் எழக் கூடாதாம். அவர் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறார்.

குளிர் அறைகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. என் சர்வருக்கு ஐம்பது நிமிடப் பாட்டரி மட்டும்தான். பால் கெடக் கூடாது. சர்வர் கெட்டால் ஓடிவர மைசூன், அதாவது நான், இருக்கிறேனே.

பிப்ரவரி 12, செவ்வாய்

மேனேஜர் முஹன்னத் சார் எதற்கும் கையெழுத்து கேட்பவர். "போர்ஷன்காரங்க சம்மதம் எழுத்துல இருந்தா செய்ங்க. நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக் கூடாது." ஆளுக்கொரு படிவம் அனுப்பினேன். ஒரே கேள்விதான். உங்கள் பிரிவு எந்த வரிசையில் எழ வேண்டும்?

பிப்ரவரி 14, வியாழன்

படிவங்கள் வந்துவிட்டன.

குளிர்கிடங்குத் தலைவர் அபூ ஷிஹாப் எழுதியது: "முதலில் உஸ்தாத் நாயிஃபின் பிரிவு. அவர் எழுந்த பிறகே நாங்கள்."

ஆர்டர் தலைவர் உஸ்தாத் நாயிஃப் எழுதியது: "அபூ ஷிஹாபுக்கு முன்னால் நாங்கள் எழுவது முறையல்ல. அவர் முதலில், நாங்கள் பின்னால்."

லாரித் தலைவர் அபூ ரக்கான் எழுதியது: "எப்போ வேணா."

அபூ ரக்கானை மட்டும் இந்தக் கம்பெனியின் முதலாளியாக்க வேண்டும்.

இவர்கள் எழுதியபடியே அமைத்தால் என்ன ஆகும்? கிடங்கு ஆர்டருக்குக் காத்திருக்கும். ஆர்டர் கிடங்குக்குக் காத்திருக்கும். இரண்டும் மரியாதையோடு நின்றுகொண்டே இருக்கும், அம்மான் நகரத்துக்கே தயிர் போகாது.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று காலை ஆபீஸ் வாசலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். பின்னால் நான், குடை இல்லாமல், மழையில்.

"நீங்க போங்க."

"சேச்சே, நீங்க முதல்ல."

"அல்லாஹ் மேல ஆணை, நீங்கதான்."

"ஆணையெல்லாம் போட்டுட்டீங்களே. நான் எப்படிப் போவேன்? நீங்க போங்க."

நான்கு நிமிடம். எண்ணினேன். கடைசியில் கதவு இரட்டைக் கதவு என்பதால் இரண்டையும் திறந்துகொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். சர்வரில் இரட்டைக் கதவு இல்லை.

அபூ ஷிஹாப் அப்பாவுக்குப் பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா முறை. அந்த உரிமையில் அவர் அறைக்குப் போய்ப் பேசினேன்.

"பெரியப்பா, இது கம்ப்யூட்டர். அதுக்கு யார் முன்னால போனாங்கன்னு வெக்கம் கிடையாது."

"அதுக்கு இருக்காது, மகளே. எனக்கு இருக்கு. தினமும் காலைல அந்தத் திரையில என் பேர் மேலே, நாயிஃப் பேர் கீழேன்னு வரும். நம்ம ஊர் கரக்ல கேள்விப்பட்டா என்ன பேசுவாங்க? நாப்லுஸ்காரரைத் தள்ளிட்டு உள்ளே போனான்னு பேசுவாங்க."

"கரக்ல யாரு நம்ம சர்வரைப் பார்க்கிறாங்க?"

"உங்க அப்பா சொல்வான்."

அப்பா சொல்வார்தான்.

பிப்ரவரி 18, திங்கள்

நாயிஃபும் முடியாது என்றார். இன்னும் இனிமையாக. பிஸ்தா பர்ஃபி வேறு கொடுத்தார். தின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

குதைபாவிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அவன் லிஃப்ட் பராமரிப்பு எஞ்சினியர். எங்கள் ஆபீஸ் லிஃப்டில் நான் மாட்டிக்கொண்டபோது மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "முதல்ல உங்க பையைக் கொடுங்க, அப்புறம் நீங்க வாங்க" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

சிரித்தான். "ரெண்டு பேருமே பெரிய மனுஷங்க. தனியாளா போய்க் கேட்டா எப்படிக் கொடுப்பாங்க? ஜாஹா கூட்டிட்டுப் போ."

"எதுக்கு?"

"பொண்ணு கேட்க ஜாஹா போறோம். வெட்டுக்குத்துக்குச் சமாதானம் பேச ஜாஹா போறோம். ஒரு பெட்டிக்குப் போகக் கூடாதா?"

கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் நான் படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21, வியாழன்

போனோம்!

தலைமை அபூ ரக்கான். அவர் பாலைவனத்துக்காரர், இந்த மாதிரி விஷயத்தில் கரைகண்டவர். வெள்ளைத் தலைத்துணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் முஹன்னத் சார், கணக்குப் பிரிவு இரண்டு பேர், வாட்ச்மேன், நான். காரியம் என்னுடையது என்பதால் பொம்பிளையாக இருந்தும் என்னை விட்டார்கள், கடைசி நாற்காலியில். எல்லாரும் அபூ ஷிஹாப் அறையில் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் ஆடிப்போய்விட்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். ஆனாலும் அடுத்த நொடி காப்பி வந்தது.

அபூ ரக்கான் கப்பை வாங்கித் தன் முன்னால் மேஜையில் வைத்தார். குடிக்கவில்லை.

"அபூ ஷிஹாப், எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கு. கொடுத்தா குடிக்கிறோம். கொடுக்கலைன்னா இந்தக் காப்பி இங்கேயே இருக்கட்டும்."

அபூ ஷிஹாப் முகம் வெளிறிவிட்டது. தன் வீட்டுக் காப்பி குடிக்கப்படாமல் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கரக் ஊர்க்காரராலும் முடியாது. விஷயத்தைச் சொன்னோம். மீசையைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார். "வேற எதுவேணா கேளுங்க. நாயிஃபைத் தாண்டி உள்ளே போகச் சொல்லாதீங்க."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஏன் ஒரு வாரமாகத் தோன்றவில்லை? மண்டு.

"பெரியப்பா, உங்க வீட்டுக்கு விருந்தாளி வரார்னா, நீங்க எப்ப வீட்ல இருப்பீங்க?"

"அவர் வர்றதுக்கு முன்னாலயே. என்ன கேள்வி இது?"

"அவர் கிளம்பும்போது?"

"அவர் போன பிறகுதான் கதவைச் சாத்துவேன்."

"அவ்வளவுதான். நீங்க முன்னால போகலை. நீங்க வீட்டுக்காரர். உஸ்தாத் நாயிஃப் விருந்தாளி. காலைல நீங்க இருந்து அவரை வரவேற்கறீங்க. மூடும்போது அவரை வழியனுப்பிட்டு நீங்க மூடறீங்க."

அபூ ரக்கான் என்னைத் திரும்பிப் பார்த்தார், தன் ஒட்டகம் பேசிவிட்டது போல.

அபூ ஷிஹாப் எழுந்து நின்றார். "வீட்டுக்காரன்னா சரி. கொடுத்தேன். காப்பியைக் குடிங்க."

குடித்தோம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் படிவத்தை முழுக்கப் படித்தார். "இது என்ன? 'பத்து நிமிடத்தில் மூடாவிட்டால் கட்டாயமாக வெளியேற்று'?"

"யாராவது திரையை மூடாம விட்டுட்டா, இயந்திரமே கொஞ்ச நேரம் பார்த்துட்டு மூடிடும், பெரியப்பா."

"விருந்தாளியைக் கடிகாரம் பார்த்து வெளியே தள்றதா? என் வீட்லயா?"

அந்த வரியை அடித்துவிட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது. அந்த இடத்தில் "விருந்தாளி தானாகப் போகும்வரை காத்திருக்க" என்று எழுதினார். கிடைத்தவரை போதும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். நாயிஃபிடம் கொண்டுபோனேன். "விருந்தாளி" என்ற வார்த்தையை மூன்று முறை படித்தார். "என்னை முதல்ல கிளம்பச் சொல்றாங்க, இல்லையா?" என்றார். "வழியனுப்பறாங்க, உஸ்தாத்" என்றேன். கையெழுத்துப் போட்டார். முகம் மட்டும் என்னவோ போல இருந்தது.

பிப்ரவரி 23, சனி

ஒத்திகை. ஆபீஸ் விடுமுறை, நானும் வாட்ச்மேனும் மட்டும். மெயின் சுவிட்சை அணைத்தேன். பாட்டரி "மின்சாரம் போச்சு" என்று சொன்னது. லாரி மூடியது, ஆர்டர் மூடியது, கிடங்கு மூடியது, இயந்திரம் அணைந்தது. பன்னிரண்டே நிமிடம். கை தட்டினேன்.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தேன். எழவில்லை.

ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எழவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தேன். மின்சாரம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. அணைந்தே இரு. எழு. முன்பிருந்த நிலைக்குத் திரும்பு. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கேட்க எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது! ஆனால் மின்சாரம் வந்தபோது அதன் முன்பிருந்த நிலை என்ன? ஒழுங்காக மூடிப் படுத்திருந்தது. அதற்கே திரும்பிவிட்டது. கீழ்ப்படிந்த பிள்ளை. நான்தான் லூசு.

"எழு" என்று மாற்றினேன். மறுபடி ஒத்திகை. எழுந்தது. கிடங்கு முதலில், பத்து நிமிடம் கழித்து ஆர்டர், பிறகு லாரி.

வாட்ச்மேன் கேட்டார்: "முடிஞ்சுதா? கல்யாணம் உண்டா?" அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 26, செவ்வாய்

குதைபா வீட்டுக்கு அம்மாவோடு போய் வந்தேன். வந்ததும் ஒரு காப்பி, அது "வாங்க" காப்பி. பழம், பலகாரம், பேச்சு எல்லாம் முடிந்து இரண்டாவது காப்பி வந்தால் அது "போய்ட்டு வாங்க" காப்பி. அதைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும்; எந்த வீட்டிலும் இதை வாயால் சொல்ல மாட்டார்கள். இன்று இரண்டாவது காப்பி சீக்கிரம் வந்ததா, வழக்கம்போல் வந்ததா? அம்மாவும் நானும் வழி முழுக்க இதையே பேசினோம். அம்மா சீக்கிரம் என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் தள்ளிப்போனால் அந்த வீட்டில் எனக்கு முதல் காப்பியே கிடைக்காது. அது மட்டும் தெரிகிறது.

பிப்ரவரி 28, வியாழன்

குதைபாவின் அப்பா உயிரோடு இல்லை. அவர்கள் பக்கம் ஜாஹாவின் தலைவராகப் பேச அவன் மாமா ஒரு பெரிய மனிதரைக் கேட்டு, அவரும் ஒப்புக்கொண்டாராம். அம்மானில் இருக்கும் நாப்லுஸ்காரர்களிலேயே அழகாகப் பேசுபவராம்.

"யாரு?" என்றேன்.

"உங்க ஆபீஸ்தானாமே. உஸ்தாத் நாயிஃப்."

எங்கள் பக்கம் பதில் சொல்ல அப்பா யாரைக் கேட்டிருக்கிறார் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அபூ ஷிஹாபை.

தலையணையில் முகத்தை வைத்துக் கத்தினேன்.

மார்ச் 4, திங்கள்

பெரியப்பா நான்கு பக்கத்துக்கு உரை எழுதிவிட்டார். அப்பாவுக்குத் தினமும் போனில் படித்துக் காட்டுகிறார். அப்பா "ரொம்ப நல்லா இருக்கு" என்றபடியே தொலைக்காட்சி பார்க்கிறார்.

மார்ச் 7, வியாழன்

எல்லாம் சரி. நாலு முறை பார்த்தேன். "எழு" என்றே இருக்கிறது. கிளம்பும்போது நாயிஃப் என்னிடம், "நாளைக்குப் பார்க்கலாம், மகளே" என்றார். ரொம்ப அமைதியாக இருந்தார்.

காலை எட்டுக்குப் போகும், பன்னிரண்டுக்கு வரும். ஜாஹா நாலு மணிக்கு. கவலையே வேண்டாம்.

மார்ச் 8, வெள்ளி

எட்டு மணி. போனைப் பார்க்கிறேன். மின்சாரம் போகவில்லை.

பத்து. போகவில்லை. மின்சார ஆட்கள் இன்னும் வரவில்லையாம், வாட்ச்மேன் சொல்கிறார்.

பன்னிரண்டரை. தொழுகைக்குப் போயிருக்கிறார்களாம்.

மூன்று. சாப்பிடுகிறார்களாம். அபூ ரக்கான் ஆட்கள் லப்னே கொடுத்தார்களாம். கொடுக்காமல் இருக்க முடியாதா?

-

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று ஐம்பதுக்கு ஜாஹா வந்தது. நாற்பது ஆண்கள். நான் புது உடையில் சமையலறையில், அம்மாவோடும் பெண்களோடும். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. நாலு ஐந்துக்குப் போன் அதிர்ந்தது. மின்சாரம் போய்விட்டது, பாட்டரியில் ஓடுகிறது, மீதி ஐம்பது நிமிடம்.

சரி, படுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். லாரி மூடியது. அடுத்து ஆர்டர்.

"காத்திருக்கிறது. ஒரு திரை திறந்திருக்கிறது: நாயிஃப்."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அதே வரி. ஆர்டர் மூடாமல் கிடங்கு மூடாது. ஒத்திகை சனிக்கிழமை செய்தேனே, அன்று ஆபீசில் யாருமே இல்லையே! பெரியப்பா அடித்த அந்தப் பத்து நிமிட வரி இருந்திருந்தால் இந்நேரம் எல்லாம் தூங்கியிருக்கும். நானாக இங்கிருந்து வெளியேற்றலாம்தான். ஆனால் அவர் பாதியில் விட்ட ஆர்டர் கிழிந்துபோகும், போதாததற்குத் தள்ளமாட்டேன் என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் தன் ரகசிய எண்ணை அழுத்தினால் மட்டும்தான் சேதாரம் இல்லாமல் மூடும். பாட்டரி தீர்ந்தால் எல்லாம் அப்படியே விழும். விழுந்ததை எழுப்ப சஹாபுக்கு நான்தான் போக வேண்டும். இன்றைக்கே. மூன்றாவது முறை.

நாயிஃபுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். பெண் கேட்க வந்த இடத்தில் போன் அடிக்கக் கூடாதல்லவா.

கூடத்தில் அவர் குரல் மணி மணியாகக் கேட்டது. அவர் முன்னால் காப்பி வைக்கப்பட்டு, தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. குதைபாவின் குடும்பப் பெருமையில் முப்பாட்டன் வரைக்கும் வந்திருந்தார்.

தம்பி ஹாரிதைக் கூப்பிட்டேன். "பெரியப்பா காதுல சொல்லு. உஸ்தாத் திரையை மூடணும்."

போனான். வந்தான். "சொன்னேன். வந்த விருந்தாளியைப் போகச் சொல்ல என் நாக்கு எழும்பாதுங்கறார்."

மீதி பத்தொன்பது நிமிடம்.

அம்மாவைப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தேன். பிறகு காப்பிப் பாத்திரத்தை எடுத்து வைத்தேன்.

"என்னடி பண்றே?"

"காப்பி."

"முதல் காப்பியே இன்னும் யாரும் குடிக்கலடி! இப்ப ரெண்டாவது போனா..."

"தெரியும்மா."

ஒரே ஒரு கப். தட்டில் வைத்து, பக்கத்தில் என் போனைத் திறந்தபடி வைத்தேன். ஹாரித் தட்டை வாங்கவே இல்லை. "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? துரத்திட்டதா நினைப்பாங்க." அவன் கையில் திணித்தேன். "உஸ்தாத் நாயிஃப் முன்னால வை. ஓடு." அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவிடுக்கில் பார்த்தேன். தட்டு போனதும் பேச்சு நின்றது. நாற்பது தலையும் அந்தக் கப்பைப் பார்த்தது. குதைபா முகம் லப்னே நிறத்துக்குப் போய்விட்டது. அவன் மாமா எழுந்தே விட்டார்.

நாயிஃப் அசையவில்லை. "தம்பி, இது என்ன காப்பி?"

"அக்கா கொடுத்தனுப்பினா, உஸ்தாத்."

"வாங்க காப்பியே இன்னும் ஆறிட்டிருக்கு. அதுக்குள்ள போய்ட்டு வாங்க காப்பியா?"

அப்போதுதான் அவர் போனைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். படித்தார். தன் பெயரைப் படித்தார். அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உட்காருங்க, உட்காருங்க" என்று குதைபாவின் மாமாவுக்குக் கை காட்டினார். "இது வேற சமாச்சாரம். ஆபீஸ் சமாச்சாரம். அபூ ஷிஹாப், உங்க வீட்டுப் பொண்ணு என்னை வெளியே போகச் சொல்றா."

"சத்தியமா நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீங்க இருங்க."

"இருந்தா பாட்டரி போயிடுமாம்."

"போகட்டும். நீங்க இருங்க."

பெரியப்பா என்பதால் விட்டேன். வேறு யாராவது இருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

நாயிஃப் குரல் இறங்கியது. "ஒரு உண்மை சொல்றேன். வியாழக்கிழமை வேணும்னுதான் திரையை மூடாம வந்தேன். கையெழுத்துப் போட்டேன், வாஸ்தவம். ஆனா இருபது வருஷப் பழக்கம், உங்களுக்கு முன்னால கிளம்ப மனசு வரலை."

"எனக்குத் தெரியாதா? நீங்க போற வரைக்கும் காத்திருக்கத்தானே நானும் அப்படி எழுதி வெச்சேன்."

"அப்ப நாம ரெண்டு பேருமா சேர்ந்து இந்தப் பொண்ணை இன்னிக்கு சஹாபுக்கு அனுப்பறோம்."

அபூ ஷிஹாபின் மீசை ஆடியது.

"நான் போகத் தயார்" என்றார் நாயிஃப். "ஆனா வெறுங்கையோட போகமாட்டேன். கேட்டு வந்ததைக் கொடுங்க, போயிடறேன்."

பெரியப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. நான்கு பக்கம் உள்ளே இருந்தது. ஒரு வார உழைப்பு. கை பையைத் தொட்டது, அங்கேயே நின்றது, பிறகு இறங்கிவிட்டது.

"கொடுத்தோம். காப்பியைக் குடிங்க, உஸ்தாத்."

நாயிஃப் இடது கையில் ஆறிப்போன கப்பை எடுத்தார். வலது கட்டைவிரலால் என் போனில் எண்ணை அழுத்தினார். குடித்து முடித்து, இரண்டாவதையும் குடித்தார். "ரெண்டும் நல்லா இருக்கு" என்றார்.

ஹாரித் போனைக் கொண்டுவந்தான். ஆர்டர் மூடியது. கிடங்கு மூடியது. இயந்திரம் அணைந்தது. பாட்டரியில் மீதி நான்கு நிமிடம். என்னைச் சுற்றிப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள், அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லாரும் போன பிறகு குதைபாவின் செய்தி: "நீ வேண்டாம்னு சொல்லிட்டியோன்னு நினைச்சேன்."

"மன்னிச்சுக்கோ. பாட்டரி" என்று அனுப்பினேன்.

"அம்மா சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அந்தப் பொண்ணு கையால எனக்கு ஒரு காப்பி வேணும்கறாங்க."

எந்தக் காப்பி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

நேற்று ஏழு பத்துக்கு மின்சாரம் வந்திருக்கிறது. கிடங்கு எழுந்து, ஆர்டர் எழுந்து, லாரி எழுந்திருக்கிறது. லாரிகள் நேரத்துக்குக் கிளம்பிவிட்டன. நான் எழுந்தது பத்து மணிக்கு.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் வாசலில் அதே "நீங்க போங்க, நீங்க போங்க". ஒன்றும் மாறவில்லை. மூன்று நிமிடம், ஒரு நிமிடம் குறைந்திருக்கலாம்.

கட்டாய மூடல் படிவத்தை மறுபடி எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். இந்த முறை பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தேன். வெகுநேரம் பார்த்தார். பேனாவை எடுத்து "கட்டாய மூடல்" என்பதை அடித்தார். போச்சு என்று நினைத்தேன். அதன் மேலே எழுதினார்: "போய்ட்டு வாங்க காப்பி."

"திரையில இப்படி வரணும். காப்பி வந்துடுச்சுன்னு வரணும். அதுக்கப்புறம் பதினஞ்சு நிமிஷம். காப்பி வந்த பிறகும் ஒருத்தர் உட்கார்ந்திருந்தா அது விருந்தாளி தப்பு, என் தப்பில்லை."

கையெழுத்துப் போட்டார். நாயிஃபும் போட்டார், மறுபேச்சில்லாமல்.

கிளம்பும்போது பெரியப்பா கூப்பிட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். "நாலு பக்கம். கல்யாணத்துல படிக்கலாமில்ல?"

படிக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆபீஸ் வந்ததும் வாட்ச்மேன் சொன்னார், வெள்ளிக்கிழமை மத்தியானம் சஹாப் முழுக்க மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லையாம். பதிவைத் திறந்து பார்த்தேன். லாரி, ஆர்டர், கிடங்கு, வரிசையாக மூடியிருக்கிறது; வரிசையாக எழுந்திருக்கிறது. நடுவில் ஒரு வரி: நாயிஃப், காப்பி கொடுக்கப்பட்டது, இரண்டாவது நிமிடம் வெளியேறினார்.

எனக்கு எதுவுமே தெரியாது. வெள்ளிக்கிழமை முழுக்கக் குதைபாவின் அம்மா வீட்டில் இருந்தேன், போனைப் பைக்குள் போட்டுவிட்டு. இரண்டாவது காப்பி வரவே இல்லை.